ஓடைக்கரைக் காட்டை விட்டுவைத்தால் மட்டும் போதாது: வால்பாறைத் தோட்ட மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு வணக்கம்.

தேயிலை ஆலை விறகுக்காக யூக்கலிப்டஸ் வெட்டும்போது ஓடையோரம் மரங்களை விட்டுவைக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் கரைக்காடு பிழைக்குமா, உண்ணிச்செடிப் புதராகுமா என்பது வெட்டுக்குப் பிறகு அங்கே நடக்கும் வேலையைப் பொறுத்தது. நடு ஆற்றையும் சோலையாற்றையும் ஒட்டிய காட்டில்தான் பகலில் யானைகள் ஒதுங்குகின்றன. அந்த மறைவு போனால் அவை தேயிலைக்குள்ளும் தொழிலாளர் குடியிருப்பான லயன்களின் பக்கமும்தான் நிற்கும்.

கரைக்காட்டின் அகலத்தைக் கோடையில் நீர் ஓடும் இடத்திலிருந்து அளக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழை வெள்ளம் தொடும் மேல்கரையிலிருந்து நாடா பிடியுங்கள். சிற்றோடைக்கு இருபுறமும் 20 மீட்டர், ஆற்றுக்கு 30 மீட்டர். சரிவு கடுமையானால் இன்னும் கூடுதல். கோடரி உள்ளே வருமுன் எல்லை மரங்களில் பெயின்ட் அடித்திருக்க வேண்டும்.

கரைக்குள் நிற்கும் யூக்கலிப்டஸை ஒரேயடியாக வெட்ட வேண்டாம். திடீரென வெயில் இறங்கினால் உண்ணிச்செடியும் மைக்கேனியா என்ற களைக்கொடியும் முந்திக்கொள்ளும். அதுவரை நெருக்கத்தில் நின்ற மரங்களோ ஜூன் காற்றில் கரையையும் பெயர்த்துக்கொண்டு சாயும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு எடுங்கள்.

அடிக்கட்டைதான் பெரிய வேலை. சில வாரங்களிலேயே பட்டையோரம் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். இளசாக இருக்கும்போது கையாலேயே அடியோடு ஒடித்துவிடலாம். கட்டைவிரல் பருமன் வந்தபின் அரிவாளால் பாதியில் வெட்டினால், மிஞ்சிய தண்டு மறுபடி கிளைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு ஆண்டு, வேரின் சேமிப்பு தீரும்வரை ஒடிக்க வேண்டும். களைக்கொல்லி பூசுவது சுலபம்தான், ஆனால் அடுத்த மழையில் அது ஓடைக்குள் இறங்கிவிடும். தேயிலைக்குத் தெளிப்பவர்களும் எல்லை மரத்தோடு நின்றுவிட வேண்டும்.

மரம் ஓடைக்கு எதிர்ப்பக்கமாகச் சாயட்டும். தடியை ஓடைக்குக் குறுக்கே இழுக்க விடாதீர்கள். இழுத்த தடம் மழையில் வாய்க்காலாகிவிடும். சரிவில் 10 மீட்டருக்கு ஒன்றாகச் சாய்வாக மண் வரப்பு போட்டு, தண்ணீரைப் பக்கவாட்டில் புல்லுக்குள் திருப்புங்கள். கொப்பும் தழையும் ஓடையை அடைத்தால் நீர் கரையை அறுக்கும். ஆனால் நெடுநாளாக ஓடையில் கிடக்கும் பெருங்கட்டையை அப்புறப்படுத்த வேண்டாம். அதன் பின்னால் தேங்கும் மடுவில் மீனும் நண்டும் இருக்கும். அவற்றைத் தேடி நீர்நாய் வரும்.

ஜூன் மழை பிடித்ததும் நடுங்கள். நீரோரம் நாவல், நீரடிமுத்து, ஈத்தை, மேலே சோலைவேங்கை, நிழல் உள்ள இடத்தில் மட்டும் வெடிப்பலா. நாற்று இரண்டடியாவது இருக்கட்டும், இடைவெளி 2 மீட்டர். களையெடுப்பில்தான் அதிக நாசம் நடக்கிறது: தானாக முளைத்த நாட்டுக் கன்றுகளும் அரிவாளுக்குப் போகின்றன. ஆள் இறங்குமுன் அவற்றுக்குக் குச்சி ஊன்றி வண்ணத் துணி கட்டுங்கள். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் மட்டும், ஆண்டுக்கு மூன்று முறை, மூன்று ஆண்டு களையெடுத்தால் போதும்.

அடுத்த வெட்டு ஒப்பந்தத்திலேயே இவற்றை எழுதுங்கள். கான்ட்ராக்டரின் கடைசித் தவணையை முதல் பருவமழை முடிந்து, வரப்பையும் கரையையும் நேரில் பார்த்தபின் கொடுங்கள்.

இப்படிக்கு,
கரைக்காடு மீட்புப் பணியில் இருப்போர்