அப்பாவோட மூச்சை கணக்கு பாத்துக்கிட்டவங்களுக்கு நன்றி

அப்பா இப்ப மொட்டைமாடி வரைக்கும் தானே ஏறி வர்றார். லங் கேன்சருக்கு ட்ரீட்மென்ட் எடுத்தவர்ங்க. அதுக்காக சிலருக்கு எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லணும்.

முதல்ல பிஎஃப்டி, அதாவது நுரையீரல் எவ்ளோ நல்லா வேலை செய்யுதுன்னு ஊத வச்சு பாக்குற டெஸ்ட், அதை எடுக்குற மேடம். மூக்குல கிளிப் மாட்டி "ஐயா நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்"னு அவங்களும் சேர்ந்து மூச்சு வாங்குவாங்க, நடுவுல இருமல் வந்து நின்னுட்டா முகம் சுளிக்காம தண்ணி குடுத்து உக்கார வச்சு மறுபடியும் எடுப்பாங்க, ஏன்னா அரைகுறையா ஊதுனா வர்ற நம்பரை நம்ப முடியாது. அப்புறம் டிஎல்சிஓன்னு இன்னொரு டெஸ்ட், காத்தை இழுத்து 10 செகண்ட் அடக்கி விடணும். ஆக்சிஜன் ரத்தத்துக்கு எவ்ளோ நல்லா போகுதுன்னு அதுலதான் தெரியும். அப்பாவுக்கு அது ரொம்ப கம்மி. ஆபரேஷன் பண்ணா மிச்ச நுரையீரல் தாங்காதுன்னு டாக்டர் ரிப்போர்ட்டை காட்டியே புரியவச்சு கீமோவும் ரேடியேஷனும் குடுத்தார். வெட்டி எடுத்திருக்கலாமேன்னு சொந்தக்காரங்க கேட்டப்ப எங்களால பதில் சொல்ல முடிஞ்சுது.

பிசியோ தம்பிய எப்படி மறக்குறது! ரேடியேஷன் முடிஞ்சு மூணாவது மாசம், அப்பாவுக்கு வறட்டு இருமல், தூசியா இருக்கும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. உக்காந்து பாத்தா ஆக்சிஜன் 96, நல்லாத்தான் இருந்துச்சு. அந்த தம்பி விடல, வராண்டாவுல 6 நிமிஷம் நடக்க வச்சார், 88க்கு இறங்கிடுச்சு. அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பி, சிடி எடுத்து, புது பிஎஃப்டிய பழசு பக்கத்துல வச்சு பாத்தா டிஎல்சிஓ இன்னும் இறங்கியிருக்கு. ரேடியேஷனால வர்ற நிமோனைட்டிஸ், அதாவது நுரையீரல் அழற்சி, பெரும்பாலும் முதல் 6 மாசத்துக்குள்ள தலைகாட்டுமாம். கட்டி சுருங்கியிருக்குன்னு நாங்க சந்தோஷத்துல இருந்த நேரம் அது. முதல் ரிப்போர்ட் கையில இருந்ததாலதான் இறங்கினதே தெரிஞ்சுது, புதுசா ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கிறவங்க தயவுசெஞ்சு அதை கேட்டு வாங்கி பத்திரமா வைங்க.

நிமோனைட்டிஸுக்கு ஸ்டீராய்டு குடுத்தாங்க. அதை டக்குனு நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், சுகர் வேற ஏறும். அந்த வாரங்கள் பூரா நாங்க வேலைக்கு போனப்புறம் கீழ்வீட்டு அண்ணன்தான் மேல வந்து அப்பாவை நடக்க வச்சு ஆக்சிமீட்டர் நம்பரை தினசரி காலண்டர் தாள் பின்னாடி எழுதி வைப்பார். அந்த தாளையெல்லாம் டாக்டர் ஒண்ணு விடாம வாங்கி பாத்தார் அண்ணே, உங்களுக்கு ரொம்ப ரொம்ப நன்றி.