வியன்னாவிலிருந்து சரசுவுக்கு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாததற்குப் பேத்தியைத்தான் திட்டவேண்டும். பகலெல்லாம் தூங்குகிறாள், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கச்சேரி ஆரம்பிக்கிறாள். மகளுக்குப் பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று எனக்குப் பொழுது ஓடிவிடுகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாய். துணி காயப்போடுகிறேன் என்று மாடிப்படி ஏறாதே.

"அந்த ஊர் நாடகக்காரர்களைப் பற்றி எழுது" என்று கேட்டிருந்தாய். உனக்கு அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. காலேஜ் ஆண்டுவிழாவில் நீ ராஜாவாக நின்றபோது பாதி வசனத்தில் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியதே, அதை நினைத்து நேற்றுகூடத் தனியாகச் சிரித்தேன். சரி, ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், காபி போட்டுக்கொண்டு உட்கார்.

எதிர் ஃபிளாட்டில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். மகள்தான் மொழிபெயர்ப்பாள். இந்த ஊரில் பெரிய நடிகை யார் என்று கேட்டேன். "பவுலா வெசெலி" என்று சொன்னபோது அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "ஆனால் அந்தப் படம்..." என்றவர், மேலே எதுவும் சொல்லாமல் காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். அந்த 'ஆனால்' என்னைப் பிடித்துக்கொண்டது.

வெசெலி 1907-ல் இதே வியன்னாவில் பிறந்தவள். அப்பா இறைச்சிக் கடைக்காரர். ஆனால் அத்தை யோசெஃபின், இந்த ஊரின் பெரிய நாடக அரங்கமான புர்க் தியேட்டரில் பேர் வாங்கி இளம் வயதிலேயே இறந்துபோன நடிகை, ஆகவே ரத்தத்தில் கொஞ்சம் மேடை இருந்திருக்கிறது. பதினேழு வயதில் மேடை ஏறினாள், பிறகு பிராக் நகரத்து ஜெர்மன் நாடக அரங்கம். கூட நடித்த அட்டிலா ஹோர்பிகரைச் சந்தித்ததும் அங்கேதான், கல்யாணம் 1935-ல். 1929-ல் வியன்னாவில் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் யோசெஃப்ஸ்டட் அரங்கத்தில் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் ரைன்ஹார்ட் கைபட்ட நடிகர் என்றால் அதற்கு மேல் சிபாரிசு வேண்டாம். 1932-ல் பெர்லினில் ஹவுப்ட்மானின் 'ரோஸ பெர்ன்ட்' நாடகம் அவளைப் பெரிய நடிகையாக்கியது. 1933 முதல் 1937 வரை சால்ஸ்புர்க் விழாவில், மலையைக் குடைந்த பழைய குதிரைப் பயிற்சி மைதானத்தில், ரைன்ஹார்ட் போட்ட 'ஃபாவுஸ்ட்' நாடகத்தில் கதாநாயகி கிரெட்ஷென் அவள்தான்.

அழகி இல்லை, சரசு. வட்ட முகம், நம் தெருவில் காய்கறிப் பையோடு எதிரே வரும் பெண்ணைப்போல. 1934-ல் வில்லி ஃபோர்ஸ்ட் இயக்கிய 'மாஸ்கராடெ'தான் முதல் படம். அதை மகளின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஓர் ஓவியன், முகமூடி மட்டும் போட்ட ஒரு பெரிய வீட்டுப் பெண்ணை வரைந்துவிடுகிறான். யார் அவள் என்று ஊரே கேட்கும்போது, மாட்டிக்கொள்ளாமல் இருக்க வாயில் வந்த பெயரைச் சொல்கிறான். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு ஏழைப் பெண் இருக்கிறாள், அவள்தான் வெசெலி. சுற்றிலும் பட்டும் வைரமுமாக எல்லாரும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் மட்டும் வெறுமனே நிற்கிறாள், கேட்கிறாள், ஒரு விநாடி தாமதித்துப் பதில் சொல்கிறாள். அந்தத் தாமதத்தில் என் கண் நிறைந்துவிட்டது. ஹாலிவுட்காரர்கள் மறு வருஷமே அந்தக் கதையை லூயிஸ் ரெய்னரை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். இவளுக்கோ 1935-ல் 'எபிசோட்' படத்துக்காக வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது.

இனிமேல்தான் அந்தப் பாட்டியின் 'ஆனால்' வருகிறது. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். யூதரான ரைன்ஹார்ட் அதற்கு முந்தைய வருஷமே அமெரிக்கா போய்விட்டார், அங்கேயே 1943-ல் இறந்தார். 'மாஸ்கராடெ'வையும் 'எபிசோட்'டையும் எழுதிய வால்டர் ராய்ஷும் யூதர், அவரும் தப்பிப் போனவர். இவளை உருவாக்கிய கைகளில் சில கடல் தாண்டிவிட்டன. இவள் இருந்தாள். ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைவதற்கு ஆதரவாக அந்த ஏப்ரலில் அச்சான நடிகர்களின் அறிக்கைகளில் இவளுடையதும் உண்டு. 1941-ல் குஸ்தாவ் உசிட்ஸ்கி இயக்கத்தில் 'ஹைம்கேர்', அதாவது 'வீடு திரும்பல்'. போலந்தில் வாழும் ஜெர்மானியர்களைப் போலந்துக்காரர்கள் வதைப்பதாகக் கதை. போலந்தை நசுக்கியவர்களே எடுத்த படம்! புருஷனும் அதில் நடித்தான்.

ஜெர்மனியில் இன்றைக்கும் அந்தப் படத்தை விளக்கம் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் திரையிடமாட்டார்களாம். ஒரு வகுப்பில் சில காட்சிகளை முன்னுரையோடு காட்டினார்கள், மகள் கூட்டிப்போனாள். வெசெலி பள்ளிக்கூட டீச்சராக வருகிறாள். சந்தையில் கூப்பிடும் யூத வியாபாரியிடம் யூதரிடம் வாங்கமாட்டோம் என்கிறாள், கத்தாமல், சாதாரணமாக. அப்புறம் சிறைக் காட்சி. இருட்டில் பெண்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் இவள் மெதுவாகப் பேச ஆரம்பிக்கிறாள்: ஊர் திரும்பினால் மண் நம்முடையது, கடைக்குள் போனால் எல்லாரும் ஜெர்மன்தான் பேசுவார்கள், வேறு பாஷையே காதில் விழாது என்கிற மாதிரி. ஒரு தாலாட்டு மாதிரி சொல்கிறாள். சரசு, அதே தாமதம்! 'மாஸ்கராடெ'யில் என்னை அழவைத்த அதே ஒரு விநாடி. எனக்கு மொழி தெரியாது, மகள் காதில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள், அப்படியும் தொண்டை அடைத்தது. அடைத்த பிறகுதான் அவள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது உறைத்தது. எனக்கே என்மேல் கோபம் வந்தது. மோசமாக நடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

போர் முடிந்தபின் கொஞ்ச காலம் நடிக்கத் தடை. 1946-லேயே பிரெக்டின் நாடகத்தில் 'செசுவானின் நல்ல மனுஷி'யாக யோசெஃப்ஸ்டட் மேடையில் நின்றுவிட்டாள். 1948-ல் ஒரு படம், அதில் பாதி யூதப் பெண்ணாக வந்து, நாஜிகள் வீட்டுக்கு வரும்போது ஜன்னலிலிருந்து குதித்துச் சாகிறாள். ஏழு வருஷத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்! ஜனங்களும் அழுதுகொண்டே பார்த்திருக்கிறார்கள். ஊருக்கே அப்படி ஒரு அழுகை தேவைப்பட்டிருக்கும், என்னவோ.

1953-ல் புர்க் தியேட்டர். அங்கே ஒரு வேடிக்கையான விதி இருந்தது: சொந்தக் குழு நடிகர்கள் நாடகம் முடிந்ததும் திரைக்கு முன்னால் வந்து கும்பிடு போடக்கூடாது. சக்கரவர்த்தி காலத்து வழக்கம், 1983-ல்தான் எடுத்தார்கள். முப்பது வருஷம் கைதட்டல் கேட்கும், இவள் உள்ளேயே நிற்பாள். நீயாக இருந்தால் ஒரு வாரம் தாங்கமாட்டாய். ஜெர்மன் மேடையில் தலைசிறந்த நடிகருக்கென்று ஒரு மோதிரம் உண்டு, ஆனால் அது ஆண்களுக்கு மட்டும். அதற்கு ஈடாகப் பெண்களுக்கு அல்மா சைட்லர் பெயரில் ஒரு மோதிரம் செய்தார்கள், 1979-ல் முதலில் அதை அணிந்தவள் இவள்.

1985-ல் எல்ஃப்ரீட யெலினெக், பின்னால் நோபல் வாங்கியவர், இந்தக் குடும்பத்தை மனதில் வைத்து 'புர்க் தியேட்டர்' என்று ஒரு நாடகம் எழுதினார். அரங்கேறியது ஜெர்மனியின் பான் நகரத்தில். வியன்னாவில் ஒரே கொந்தளிப்பு, தேவியைத் தொட்டுவிட்டார்கள் என்று. அப்போதுதான் வெசெலி வாயைத் திறந்தாள், அந்தப் படத்தை மறுக்கத் தைரியம் இல்லாமல் போனதற்கு வருந்துவதாக. நாற்பத்து நாலு வருஷம் கழித்து. எனக்கு அது போதவில்லை. மகள் "அம்மா, நீயாக இருந்தால் மறுத்திருப்பாயா?" என்றாள். சண்டை போட்டேன், ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே நாடகத்தை 2025-ல் புர்க் தியேட்டர் மேடையிலேயே போட்டார்கள், தெரியுமா!

வெசெலிக்கு மூன்று பெண்கள், மூவரும் நடிகைகள். எனக்குப் பிடித்தது மூத்தவள் எலிசபெத். அம்மா பேரும் வேண்டாம், அப்பா பேரும் வேண்டாம் என்று பாட்டி வழிப் பெயரான 'ஓர்த்' என்பதை வைத்துக்கொண்டாள். அதே புர்க் தியேட்டரில் நடித்துக்கொண்டே, யூத வெறுப்புக்கு எதிரான அமைப்புக்குத் தலைமையும் ஏற்றாள்.

அட்டிலா 1987-ல் போனார், வெசெலி 2000 மே மாதம், தொண்ணூற்று மூன்று வயதில். போன செவ்வாய் 38-ஆம் நம்பர் டிராமில் கிரின்சிங் போனேன். குடும்பம் இருந்த தெருவுக்குப் பெயர் சொர்க்கத் தெரு, நம்புவாயா! இருவர் கல்லறையும் அங்கே மயானத்தில். யாருடைய இசையை நாஜிகள் வாசிக்கவிடாமல் தடுத்தார்களோ, அந்த இசையமைப்பாளர் மாலரும் அதே மயானத்தில்தான் இருக்கிறார். பூ வாங்கிக்கொண்டுதான் போனேன். கல்லின் முன் நின்றேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து டிராம் ஏறி வந்துவிட்டேன். பூ இப்போது மகள் வீட்டுச் சமையலறை ஜன்னலில், ஒரு எவர்சில்வர் டம்ளரில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பத்தாம் தேதி டிக்கெட். வந்ததும் நேரே உன் வீட்டுக்குத்தான். அந்த மீசைப் போட்டோவைத் தேடி எடுத்து வை.

அன்புடன்,
உன் விசாலம்