மேல்தொட்டி சுத்தம்: ஜூன் 14, ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம். அன்று காலை 7 முதல் மதியம் 1 வரை தண்ணீர் வராது. சம்ப், மேல்தொட்டி இரண்டையும் கழுவிக் குளோரின் போடுகிறோம்.

தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். ஷவர் சாரலை மூச்சில் இழுத்தாலே நிமோனியா வரலாம், வயதானவர்களுக்கு ரொம்ப ஆபத்து. 2015இல் நியூயார்க்கில் ஒரு கட்டிட ஏசியின் குளிரூட்டும் கோபுரத்திலிருந்து பரவி 100 பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட பிறகுதான் அங்கே சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

1. சனி இரவே தண்ணீர் பிடித்து வையுங்கள்.
2. விடுமுறையில் பூட்டிக் கிடந்த வீடுகள்: ஜன்னலைத் திறந்து, ஷவர் தலையைக் கழற்றி, எல்லாக் குழாயிலும் 5 நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள்.
3. கீசர் 60 டிகிரியில் இருக்கட்டும். சுடும், குழந்தைகளுக்குக் கலந்தே ஊற்றுங்கள்.

வெள்ளிக்குள் வீட்டு எண்ணுடன் 'சரி' என்று பதில் போடுங்கள். ஊரில் இல்லாதவர்கள், சாவி யாரிடம் என்றும் சொல்லுங்கள்.