கடிதம் முதலில், பணம் பிறகு: வெளிநாட்டுக் கோடைப் படிப்பு நடத்தும் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், வெளிநாட்டுப் படிப்புத் திட்டப் பொறுப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்.

மே மாத ஃப்ளோரன்ஸ் (இத்தாலி) படிப்பில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். யாருக்கு விசா வந்தது, யாருக்கு வரவில்லை, வராதவர்களின் பணம் யாரிடம் நிற்கிறது என்பதெல்லாம் உங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. "ஒப்பந்தப்படி தொகையைத் திருப்பித் தர இயலாது" என்று ஒரே வரியில் வந்த சுற்றறிக்கைதான் மாணவர்களும் பெற்றோரும் முன்னாள் மாணவர்களுமாகச் சேர்ந்து எங்களை இந்த மடலை எழுத வைத்தது.

கேட்பது இதுதான். அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒரு ரூபாய் வாங்குவதற்கு முன், அங்கே படிப்பை நடத்தும் பள்ளியின் ஏற்புக் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். விசா விண்ணப்பம் படிப்பு என்ற நோக்கத்தில் போக வேண்டும். மாணவர் மேல் தவறில்லாமல் விசா மறுக்கப்பட்டால், உண்மையில் செலவானதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவோம் என்று எழுத்தில் தர வேண்டும்.

ஏன் இப்படிக் கேட்கிறோம் என்பதை விளக்க ஒரு படிவம் போதும். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா விண்ணப்பத்தில் பயண நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. சுற்றுலா, வணிகம், உறவினரைப் பார்த்தல், பண்பாடு, விளையாட்டு, படிப்பு எனத் தனித்தனிக் கட்டங்கள். 180 நாளில் 90 நாள் வரை தங்க இந்த விசாவே போதும் என்பதால், மூன்று வாரப் படிப்பும் இதற்குள் அடங்கும். உங்கள் பயண முகவர் எல்லோருக்கும் 'சுற்றுலா' கட்டத்தில் டிக் போட்டார். அதே கோப்பில் பின்னால் கல்லூரியின் தடையில்லாச் சான்று இணைந்திருந்தது. அதில் "வடிவமைப்புப் பயிற்சிக்காகச் செல்கிறார்" என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். தங்குமிடச் சீட்டு மாணவர் விடுதிப் பெயரில் இருந்தது. பயணத் திட்டத்திலோ ரோம், பைசா, வெனிஸ் என்று ஊர் சுற்றும் பட்டியல். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் தூதரக அதிகாரிக்கு இந்தப் பிள்ளை எதற்காக வருகிறது என்ற சந்தேகம் வராதா? மறுப்புப் படிவத்தில் வழக்கமாக டிக் விழும் காரணங்களில் ஒன்று, வருகையின் நோக்கமும் தங்கும் விவரமும் சரிவர நிறுவப்படவில்லை என்பது. இந்த முறை கிடைத்த மறுப்புகளிலும் அதே கட்டம்தான். அந்தப் பிள்ளைகள் இனி எந்த நாட்டு விசா விண்ணப்பத்தில் "முன்பு மறுக்கப்பட்டதுண்டா?" என்று கேட்டாலும் ஆம் என்றுதான் எழுத வேண்டும். இருபது வயதில் அவர்கள் செய்யாத தவறுக்கு இது பெரிய சுமை.

பணத்திலும் இழப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதித் தொகுப்பில் 16ஆம் பிரிவைப் பாருங்கள். படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ வரும் மாணவர்களுக்கும் உடன் வரும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணம் கிடையாது. விசா மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும்தான் உண்டு. 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ. சுற்றுலா என்று டிக் போட்டதால் ஒவ்வொரு மாணவரும் அதைக் கட்டினார்கள்.

வரி அடுத்தது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். படிப்புச் செலவாக, வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவத்தில் கல்வி நோக்கக் குறியீட்டோடு நேரே அந்தப் பள்ளிக்கு அனுப்பினால், 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். கணக்கே தாக்கல் செய்யாத சிறு கடைக்காரரும் தறிக்காரரும் அதற்காக ஆடிட்டரைத் தேடிப் போக வேண்டும். கல்லூரி அந்தப் பணத்தை ஏன் சுற்றுலா முகவர் வழியாக அனுப்பியது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இத்தனைக்கும் மேலாக எங்களை வாட்டியது பெயர்ச் சிக்கல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நம் பிள்ளைகள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஒருத்தி பாஸ்போர்ட்டில் வெறும் 'கார்த்திகா'. கல்லூரிப் பதிவேட்டில் 'கார்த்திகா எஸ்'. வங்கிக் கணக்கில் 'கார்த்திகா செல்வம்'. நீங்கள் ஃப்ளோரன்ஸுக்கு அனுப்பியது பதிவேட்டுப் பட்டியல். அங்கே இணையப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. எனவே அவர்கள் 'எஸ்' என்பதையே குடும்பப் பெயராக ஏற்றிக் கடிதம் அடித்தார்கள். விமான டிக்கெட்டில் முகவர் அவள் பெயரை இரண்டு முறை போட்டு 'கார்த்திகா கார்த்திகா' என்று எடுத்தார். காப்பீட்டில் அப்பா பெயர் சேர்ந்துவிட்டது. ஒரே மாணவிக்கு ஒரே கோப்பில் நான்கு பெயர். விசா மையத்தில் கடிதத்தைத் திருத்தி வாங்கி வரச் சொன்னார்கள். இங்கிருந்து மின்னஞ்சல் போய், அங்கே அலுவலகம் திறந்து, புதிய கடிதம் வருவதற்குள் வாங்கியிருந்த நேர ஒதுக்கீடு கைநழுவியது. ஏப்ரலில் அடுத்த இடம் எளிதில் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நடுவில் செமஸ்டர் தேர்வு வேறு. ஒரு கையில் ஹால் டிக்கெட்டும் இன்னொரு கையில் விசாக் கோப்புமாக அலைந்தார்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பதிவேட்டுப் பட்டியலை அனுப்பாதீர்கள். ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பி, பக்கத்தின் அடியில் எந்திரம் படிக்கும் இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கடிதத்திலும் டிக்கெட்டிலும் காப்பீட்டிலும் இருக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வங்கிக் கணக்கில் பெயர் வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைக்கலாம். பாஸ்போர்ட்டையே திருத்திப் புதிதாக வாங்க நினைப்பவருக்கு அதற்கான வாரங்கள் வேண்டும். அதை மார்ச்சில் சொல்லிப் பயனில்லை, நவம்பரிலேயே சொல்ல வேண்டும்.

காலக் கணக்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை ஆகலாம். மே இறுதியில் கிளம்ப வேண்டுமானால் நவம்பர் கடைசியிலேயே கதவு திறந்துவிடுகிறது. நீங்கள் தடையில்லாச் சான்றில் கையெழுத்திட்டது ஏப்ரலில். ஏற்புக் கடிதம் டிசம்பரில் வந்துவிட்டால் பெற்றோருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். கடைசி நேரத்தில் கேட்டால் சீட்டுப் பணத்தையும் நகைக்கடனையும் திரட்டி ஒரே நாளில் மூன்று நான்கு லட்சத்தைக் கணக்கில் போடுகிறார்கள். மூன்று மாதம் சில ஆயிரங்களில் ஓடிய கணக்கில் திடீரென்று அவ்வளவு ஏறினால், அது கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றே அதிகாரி எண்ணுவார். முன்கூட்டியே தெரிந்தால் கல்விக் கடன் ஒப்புதல் கடிதத்தையோ பழைய வைப்பு நிதி ரசீதையோ நேர்மையாகக் காட்டலாம்.

விமான டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்க வேண்டும் என்று விதி இல்லை. போக வரப் பதிவு செய்த சீட்டு போதும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் நாள் அனைத்துக்கும் இருந்தால் சரி. முகவர் முன்கூட்டியே வாங்கிய மலிவு விலை டிக்கெட்டைத் திருப்ப முடியாது என்பதைக் காரணம் காட்டித்தான் இன்று பணம் மறுக்கப்படுகிறது. அந்த அவசரம் யாருடையது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போய் வந்தவர்களுக்காவது படிப்பு ஒழுங்காக நடந்ததா? நிரலில் திங்கள்கிழமை உஃபிசி அருங்காட்சியகம், அன்றே அக்காதெமியா அருங்காட்சியகம் என்று அச்சடித்திருந்தீர்கள். இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. மாணவர் சலுகையில் 2 யூரோ நுழைவு என்று போட்டிருந்தீர்கள். அந்தச் சலுகை 18 முதல் 25 வயது வரையுள்ள ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. நம் பிள்ளைகள் உஃபிசியில் முழுக் கட்டணம் 25 யூரோ கட்டினார்கள். கொண்டுவர வேண்டிய பொருள் பட்டியலில் டர்பன்டைனும், ஓவியம் கலையாமல் இருக்கத் தெளிக்கும் ஸ்ப்ரே ஃபிக்ஸேட்டிவும் இருந்தன. இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்றவே கூடாது. விமான நிலையத்தில் அவற்றை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஓவியமும் தோல் வேலையும் சொல்லித் தரும் துறை, தன் பொருளைப் பற்றியே இப்படிக் கவனமில்லாமல் பட்டியல் தரலாமா?

அடுத்த முறை ஆகஸ்டுக்கு மாற்றலாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. வேண்டாம். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வரும் கோடை விடுமுறையில் இத்தாலியில் சிறு பட்டறைகள் வாரக்கணக்கில் அடைத்திருக்கும். தோல் பட்டறையும் காகிதப் பட்டறையும் பார்க்கத்தான் போகிறோம் என்றால் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள்.

இந்த வேகத்தில் மனதில் கிடந்த வேறொன்றும் வருகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் ஒரு முழுநாள் உட்கார்ந்து வரைய இந்தக் கல்லூரி பிள்ளைகளை அழைத்துப் போனதில்லை. சுவாமிமலையில் மெழுகு முறையில் வெண்கலம் வார்ப்பதைப் பார்க்காமலே ஃப்ளோரன்ஸில் வெண்கலச் சிலை முன் நிற்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுப் படிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சிற்பி தொனாடெல்லோவின் தாவீது சிலையைச் சுற்றி வந்து வரைந்த பிள்ளையின் கோடு மாறுவதை அவர்களின் ஸ்கெட்ச் புக்கிலேயே காண்கிறோம். அதனால்தான் இவ்வளவு கோபம். அட்மிஷன் கையேட்டின் அட்டையில் அந்த நகரத்தின் படத்தைப் போடுகிறீர்கள். அந்தப் படத்தை நம்பிச் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு கடிதத்தை ஒழுங்காக வாங்கித் தரும் பொறுப்பு உங்களுக்கு உண்டு.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கே வருகிறோம். அந்த ஏற்புக் கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரும் எண்ணும், தொடங்கும் முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணிநேர வகுப்பு, எந்த முகவரியில், மொத்தக் கட்டணம் எவ்வளவு, தங்குமிடம் அதில் சேர்த்தியா இல்லையா. மணிக்கணக்கு வேறொன்றுக்கும் உதவும். அங்கே ஒரு ஈசிடிஎஸ் கிரெடிட் (ஐரோப்பியக் கல்லூரிகளின் பொதுவான கிரெடிட் கணக்கு) என்பது 25 முதல் 30 மணிநேர உழைப்பு. இங்கே பட்டறை வகுப்பில் 30 மணிநேரத்துக்கு ஒரு கிரெடிட். எத்தனை கிரெடிட் இங்கே ஏற்கப்படும் என்று போவதற்கு முன்பே துறை கையெழுத்திட்டுத் தந்தால், திரும்பி வந்த பிறகு சான்றிதழோடு அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்காது. பள்ளிக் கட்டணம், தங்குமிடம், இரவுக் கணக்கில் வரும் நகராட்சி வரி, விமானம், காப்பீடு, முகவரின் கமிஷன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் காட்டுங்கள். கமிஷன் வாங்குவது தவறென்று சொல்லவில்லை. எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

இந்த மே மாதம் மறுக்கப்பட்டவர்களின் கணக்கையும் அதே முறையில் பிரித்துக் காட்டி, செலவாகாத தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பள்ளிக்குப் போகாத கட்டணமும் தங்காத விடுதி வாடகையும் அதில் நிச்சயம் இருக்கின்றன.

அடுத்த ஆண்டுக்கான அறிவிப்பு அக்டோபரில் வரும் என்று தெரிகிறது. அதற்கு முன் உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். நேரில் பேசலாம் என்றால் எந்த வேலைநாளிலும் வரத் தயாராக இருக்கிறோம். பாஸ்போர்ட் பக்கங்களைச் சரிபார்க்கவும், பள்ளிக்குப் போகும் மின்னஞ்சலை எழுதவும் முன்னாள் மாணவர்கள் சிலர் சம்பளம் இல்லாமல் உதவ முன்வந்திருக்கிறார்கள். அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்புக் கடிதம் வருமுன் பணம் கேட்டு அறிவிப்பு வந்தால், எங்களில் யாரும் கட்டுவதாக இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர்கள், பெற்றோர், முன்னாள் மாணவர்கள்