கோலாப்பூரியைப் பீரோவில் வை

வேலூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் பேரன் புராணம். அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, காலையில் முதல் அடி வைத்தால் குதிகாலில் ஊசி குத்துகிறது, உள்ளங்கால் மதமதவென்று இருக்கிறது, ஆனாலும் அவர் வாங்கித் தந்த கோலாப்பூரியைத்தான் போட்டுக்கொள்கிறேன் என்று. அதைப் படித்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் செருப்பின் அருமை எனக்குத் தெரியாதா? ஆபீஸ் வேலையாகப் பம்பாய் போனவர், மராத்திப் பேப்பரில் சுற்றி எடுத்துவந்து உன் மடியில் வைத்த கதையை நீயே எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். ஆனால் அது எருமைத்தோல் அடி, கட்டாந்தரை மாதிரி இருக்கும். முப்பது வயதுக் காலுக்குச் சரி. வயதாக ஆகக் குதிகாலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பு மெத்தை மெலிந்துவிடும். பாதத்தின் வளைவைப் பிடித்துவைத்திருக்கும் நார்கள் தளர்ந்து, கால் கொஞ்சம் நீண்டு அகலமாகும். நீ இன்னும் ஆறாம் நம்பர்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் ஏழுக்குப் போய் வருஷங்கள் ஆயிற்று. பரதன் அண்ணனுடைய பாதுகையை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு போனான், சிம்மாசனத்தில் வைத்தான். காலில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகவில்லை. நீயும் அதைப் பீரோவில் வை, பட்டுப்புடவைக்குப் பக்கத்தில்.

எனக்கு மட்டும் இந்தப் பிடிவாதம் இல்லை என்று நினைக்காதே. மெட்டி விஷயத்தில் நானும் அப்படித்தான். விரல் வீங்கிச் சதை வெள்ளிக்கு மேலே பிதுங்கிய பிறகும் கழற்ற மனசு வரவில்லை. கடைசியில் இவரே என்னைப் பத்தரிடம் கூட்டிப்போய், "வெட்டிவிடுங்கள், நான்தான் போட்டேன், நான்தான் சொல்கிறேன்" என்றார். வெட்டிய மெட்டி இப்போது டிரங்குப் பெட்டியில், பெரியவன் குழந்தையாக இருந்தபோது போட்ட தண்டையோடு கிடக்கிறது. அப்பாவின் பாதக்குறடும் அதில்தான். அதை எடுத்துக் குமிழை விரலிடுக்கில் வைத்துப் பார்த்தேன். இதைப் போட்டுக்கொண்டு மனுஷர் எப்படித் தோட்டம் முழுக்க நடந்தாரோ! நம் ஹாஸ்டல் ரப்பர் செருப்பின் அறுந்த வார்கூட ஒன்று இருக்கிறது, நீ குத்திய ஊக்கோடு. அதை ஏன் வைத்திருக்கிறேன் என்று மருமகள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை, சிரித்துவைத்தேன்.

இப்போது என் காலில் இருப்பது எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலர் ரப்பர், பஞ்சு மாதிரி அல்லாமல் மெத்தென்று அமுங்கித் திரும்ப எழும். இதன் கதை உனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பாதிக் கதை உங்கள் பக்கத்து மலையில் தொடங்குகிறது. டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தது கொல்லிமலையில். 1946-இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களைப் பார்க்க ஆரம்பித்தார். விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் ஊரே நம்பியிருந்தது. அவர் உட்கார்ந்து கவனித்ததில், உணர்ச்சி போனதால் அடிபடுவதும் சுடுவதும் தெரியாமல் போவதே காரணம் என்று புரிந்தது. வலி இல்லாததுதான் ஆபத்து. அதிலிருந்துதான் இங்கேயும் காட்பாடிப் பக்கம் கரிகிரியிலும் இந்த மெத்தை ரப்பரை வைத்துச் செருப்புத் தைப்பது வளர்ந்தது. ஆணி அடிக்கக் கூடாது. ஆணி மேலே ஏறிக் குத்தினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது. பசையும் தையலும்தான். பின்னால் குதிகால் வார் கட்டாயம். இல்லாவிட்டால் செருப்பு கழன்று ரோட்டில் கிடக்கும், ஆள் வெறுங்காலோடு போய்க்கொண்டே இருப்பார்.

வார்டில் நான் இருந்த காலத்தில், கொடுத்த செருப்பைப் பையில் மறைத்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தாலே இன்ன நோய் என்று பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகிவிடும். இன்றைக்கு அதே செருப்பைக் காலில் உணர்ச்சி குறைந்த சுகர்காரர்கள் பணம் கொடுத்து வாங்கிப்போகிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நல்லதுதான். ஆனால் அந்த முகங்களை நினைத்தால் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் கதைக்கு வருகிறேன். போன மாதம் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். ஆயிரம் பேருக்கு நான் செய்த சோதனை! ஒன்றிரண்டு இடத்தில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் செருப்புதான். முதல் வாரம் பாட்டி மேலேயிருந்து திட்டுவதுபோலவே இருந்தது. வெளியே போடுவது வேறு, வீட்டுக்குள் போடுவது வேறு, பூஜை அறை வாசலில் கழற்றிவிடுகிறேன். நம் பழைய வீட்டுச் செம்மண் தரையில் நடந்த காலமா இது? டைல்ஸில் நாள் முழுக்க வெறுங்காலோடு நின்று சமைத்தால் குதிகால் என்ன ஆகும்?

உனக்கு முதல் வேலை, சுகர் பார்த்துக்கொள். அந்த இழைச் சோதனையையும் கேள். உணர்ச்சி சரியாக இருந்தால் மெத்தென்ற சாதாரணச் செருப்பே போதும். குதிகால் வலிக்கு, சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைக்காலை இழுத்துப் பிடி, இரண்டு காலுக்கும், படுக்கையை விட்டு எழுந்த உடனே. வெந்நீரில் காலை ஊறவைக்காதே. எண்ணெய் தடவினால் விரலிடுக்கில் வேண்டாம்.

கார்த்திகைக்குத் திருவண்ணாமலை வருகிறேன், கிரிவலம் சேர்ந்து போகலாம் என்கிறாய். வா, ஆனால் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நான் வரமாட்டேன், உன்னையும் விடமாட்டேன். தீபக் கூட்டத்தில் யாராவது காலை மிதித்தால் போதும். கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் வா. அஷ்டலிங்கங்களையும் ஆட்டோவில் பார்ப்போம், நடுநடுவே இறங்கி நடப்போம். அருணாசலேஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எம்.சி.ஆர். செருப்புதான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் எழுது, இங்கே தைப்பவரிடம் நான் கொடுக்கிறேன். கால் அளவு அனுப்ப வேண்டும். சாயங்காலம் எடு, அப்போதுதான் வீக்கம் இருக்கும். பேப்பர்மேல் நின்றுகொண்டு, பேத்தியை விட்டுப் பென்சிலை நேராகப் பிடித்து வரையச் சொல். உட்கார்ந்தால் பாதம் விரியாது. இரண்டு காலும் வேண்டும். இடது வலது என்று எழுதிவிடு. வார் கறுப்பா பழுப்பா என்பதையும் சொல், நீ பழுப்புதான் கேட்பாய் என்று தெரியும்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழி