முடி கொட்டினால் ஃபெரிட்டின் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முடி கொட்டுகிறது என்றதும் எண்ணெய், ஷாம்பு, பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை என்று செலவழிக்கிறோம். ரத்தம் பார்த்தாலும் ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடுகிறோம். அது 12-க்கு மேல் இருந்தால், ரத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பெண்களை அனுப்பிவிடுகிறார்கள். இது போதாது.

இரும்புச்சத்து குறையும்போது உடல் முதலில் சேமிப்பில்தான் கைவைக்கும். ஹீமோகுளோபின் இறங்குவது கடைசியில். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. பெரியவர்களுக்கு அது 15-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முடி கொட்டுபவர்களுக்கு 40-க்கு மேலாவது இருக்கட்டும் என்று நினைக்கும் தோல் மருத்துவர்கள் உண்டு. இந்த எண்ணில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். உடம்பு தேறிய பிறகு பார்ப்பதே சரி.

சீப்பில் வரும் முடியின் அடியில் குண்டூசித் தலை போல வெள்ளை முனை இருக்கும். வேரே வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வளர்ச்சி நின்று ஓய்வுக்குப் போன முடி அப்படித்தான் உதிரும். வேர்ப்பை உள்ளேயே இருக்கிறது. ஓய்வு ஏறக்குறைய மூன்று மாதம். அதனால் இன்று கொட்டுவதற்குக் காரணத்தை மூன்று மாதம் பின்னால் தேட வேண்டும்: பிரசவம், டெங்கு, பட்டினி டயட். தலை முழுக்கக் கொட்டாமல் வகிடு மட்டும் அகன்றால் அது பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. இரும்பு மட்டும் அதைச் சரிசெய்யாது. தைராய்டையும் பார்த்துவிடுங்கள், பயோட்டின் சாப்பிடுபவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தாவிட்டால் அந்த முடிவு தப்பாக வரலாம்.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு போட்டால் பாதி வீண். அவற்றுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடல் கிரகிப்பதும் அப்படி நன்றாகவே இருக்கிறது. மலம் கறுப்பதைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம். கொட்டுவது குறையவே மூன்று மாதம் ஆகும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

பரிசோதனை செய்யாமல் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கவும் கூடாது. இரும்பு குறைந்தால் ரத்தச் சிவப்பணு சிறுக்கும். ஆனால் தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு) மரபு உள்ளவர்களுக்கும் சிவப்பணு சிறுத்தே இருக்கும், இரும்போ போதுமான அளவு இருக்கும். மாதவிடாயில் அதிகம் போகிறதா, மூலத்தில் ரத்தம் கசிகிறதா என்பதையும் கேட்க வேண்டும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால், முடியை விட்டுவிட்டு முதலில் குடலில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர், திருச்சி