வியாழன் எந்தப் படியில் நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'அளவுகோல் சார்பியல்' குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பாரிஸ் அருகேயுள்ள மெதோன் வானாய்வகத்தைச் சேர்ந்த வானியற்பியலாளர் லொரான் நொத்தால் 1990களின் தொடக்கத்திலிருந்து வளர்த்துவந்த இக்கருத்தைத் தமிழில் விளக்குவது எளிய வேலையன்று. கட்டுரையாளர் அதைத் திறம்படவே செய்திருக்கிறார். ஆனால், ஐன்ஸ்டைன் விட்ட இடத்திலிருந்து தொடங்கி அவர் பணியை நிறைவுசெய்துவிட்ட கோட்பாடு இது என்ற தொனியில் கட்டுரை முடிவதை, முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

இடமும் வேகமும் சார்புடையவையாக இருப்பதுபோல, ஒரு பொருளை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பதும் சார்புடையதே என்பதும், எந்த வேகமும் ஒளியின் வேகத்தை மிஞ்சாததுபோல எந்தச் சுருக்கமும் 1.6 × 10⁻³⁵ மீட்டர் அளவுள்ள பிளாங்க் நீளத்துக்குக் கீழே போகாது என்பதும் இக்கோட்பாட்டின் அடித்தளம். கேட்பதற்கு அழகான ஒப்புமைதான். ஆனால் சீராக ஓடும் ரயிலில் ஏறி உட்கார்ந்தவருக்கு, ரயிலுக்குள் செய்யும் எந்தச் சோதனையும் வேறு விடை தருவதில்லை. அளவை மாற்றிக்கொண்டு அப்படி ஏறி உட்கார வழியில்லை. எறும்பை அதே வடிவில் யானையளவு பெருக்கினால் அதன் கால்கள் உடலைத் தாங்கமாட்டா. விலங்குகளின் எலும்புத் தடிமனைக் காட்டிக் கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே இதை எழுதிவிட்டார். வேகத்துக்கு இல்லாத ஒரு தனி அடையாளம் அளவுக்கு உண்டு என்பதை ஒவ்வோர் அணுவும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அளவை வைத்துச் சார்பியலை விரிக்க முயன்றவர்களில் நொத்தால் முதல்வரும் அல்லர். பொதுச் சார்பியல் வெளிவந்து மூன்றே ஆண்டுகளில், 1918இல், கணிதமேதை ஹெர்மான் வைல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அளவுகோலின் நீளம் இடத்துக்கு இடம் மாறலாம், அந்த மாற்றமே மின்காந்தமாக வெளிப்படுகிறது என்றார் அவர். ஐன்ஸ்டைன் அதன் கணித அழகை மனமாரப் பாராட்டினார். பாராட்டிய கையோடு ஒரு கேள்வியையும் கேட்டார். வைல் சொல்வது சரியென்றால், வெவ்வேறு வழிகளில் பயணித்து வந்த இரண்டு ஒரேவகை அணுக்கள் வெவ்வேறு நிறத்தில் ஒளிர வேண்டுமே? எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோடியம் விளக்கை ஏற்றி நிறமாலைமானியின் தொலைநோக்கியில் கண்வைத்த மாணவர் ஒவ்வொருவரும், 589.0, 589.6 நானோமீட்டரில் அருகருகே நிற்கும் அதே இரண்டு மஞ்சள் கோடுகளைத்தான் கண்டார்கள். அந்தச் சோடியம் எந்தச் சுரங்கத்திலிருந்து எவ்வழியாக வந்தது என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஐன்ஸ்டைனின் மறுப்பு வைலின் கட்டுரைக்குப் பின்னிணைப்பாகவே அச்சிடப்பட்டது. நீளத்தின் இடத்தில் குவாண்டம் அலையின் கட்டத்தை (அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் நிற்கும் நிலையை) வைத்து 1929இல் வைலே அதைத் திருத்திய பிறகுதான், இன்றைய துகள் இயற்பியலின் அடிப்படையாக அக்கருத்து மறுபிறவி எடுத்தது.

நொத்தாலின் கோட்பாட்டிலிருந்து, குவாண்டம் இயற்பியலின் அடிப்படைச் சமன்பாடான ஷ்ரோடிங்கர் சமன்பாடு தானாகவே கிடைத்துவிடுகிறது என்பதைக் கட்டுரையாளர் பெரிய சான்றாகக் காட்டுகிறார். 1966இல் கணிதவியலாளர் எட்வர்ட் நெல்சனும் துகள்களின் தற்போக்கான அலைவிலிருந்து அதே சமன்பாட்டை வருவித்தார். அத்தகைய வருவிப்பு முழுமையாக வேண்டுமானால் குவாண்டம் நிபந்தனை ஒன்றைத் தனியே கையால் சேர்த்தாக வேண்டும் என்று 1994இல் இயற்பியலாளர் திமத்தி வால்ஸ்ட்ராம் சுட்டிக்காட்டினார். தெரிந்த சமன்பாட்டுக்குப் புதிய வழியில் வந்துசேர்வது பயனுள்ள பயிற்சிதான். அதற்காக அந்த வழியே இயற்கையின் வழி என்று ஆகிவிடாது.

என்னைப் பேனா எடுக்க வைத்தது கோள்களைப் பற்றிய பகுதி. அணுவில் எலெக்ட்ரான்களுக்கு இருப்பதுபோன்ற குவாண்டம் படிகள் சூரியக் குடும்பத்துக்கும் உண்டு என்றும், கோள்களின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 144 கிலோமீட்டரை முழு எண்ணால் வகுத்தால் கிடைப்பது என்றும் அதில் சொல்லப்படுகிறது. ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 3, 4, 5, 6 ஆகிய எண்களால் வகுத்தால் 48, 36, 28.8, 24 வருகின்றன. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகியவற்றின் உண்மையான சராசரி வேகங்கள் 47.4, 35.0, 29.8, 24.1. பொருத்தம் நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. வெளிக்கோள்களுக்கு வந்தால் வேறோர் ஏணி போடப்படுகிறது. உட்கோள்கள் அனைத்தையும் ஒரே படியாகக் கொண்டு, 144க்குப் பதிலாக அதன் ஐந்தில் ஒரு பங்கான 28.8ஐ அடிப்படையாக எடுக்கிறார்கள். அந்த ஏணியின் இரண்டாம் படியான வியாழனுக்கு 14.4 வருகிறது, அதன் உண்மையான வேகமோ 13.1. பழைய ஏணியிலேயே ஏறியிருந்தால் பதினோராம் படியில் 13.09 கிடைத்திருக்கும்! இதை நான் அக்கொள்கைக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. எண்கள் பெருகப் பெருகப் படிகள் நெருங்கிவிடுவதால், எந்த வேகத்துக்கும் அருகில் ஏதோ ஒரு படி இருந்தே தீரும். அணுவில் இந்த 144இன் இடத்தில் நிற்பது, குவாண்டம் படிகளின் அளவைத் தீர்மானிக்கும், ஆய்வகத்தில் தனியே அளக்கப்பட்ட பிளாங்க் மாறிலி. இங்கு நிற்கும் 144 வானியல் தரவுகளிலிருந்தே எடுத்த எண்.

இப்படிப்பட்ட எண் விளையாட்டில் வானியல் முன்பே ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. சூரியனிலிருந்து கோள்களின் தொலைவுகளை ஓர் எண் வரிசையால் சொல்லும் டிட்டியஸ்-போடே விதி, 1781இல் கண்டறியப்பட்ட யுரேனசுக்கும் 1801இல் கண்டறியப்பட்ட குறுங்கோளான சீரிசுக்கும் வியக்கத்தக்க அளவில் பொருந்தியது. 1846இல் நெப்டியூன் வந்தது; விதி சொன்னது பூமி-சூரியன் தொலைவைப்போல் 38.8 மடங்கு, கோள் இருந்ததோ 30.1 மடங்கில்.

பிளாங்க் அளவு எட்டாத தூரத்தில் இருப்பதால் அங்கு எதையும் சோதிக்க முடியாது என்று சமாதானம் சொல்வதும் சரியன்று. அந்த அளவில் ஒளியின் வேகம் ஆற்றலைப் பொறுத்துச் சற்றே மாறலாம் என்ற வேறொரு கருத்துக்கு 2009 மே 10 அன்று சோதனை வந்தது. ஏறத்தாழ 730 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த காமா கதிர் வெடிப்பொன்றை ஃபெர்மி விண்தொலைநோக்கி பதிவுசெய்தது. அதில் 3,100 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு ஒளித்துகள், வெடிப்பு தொடங்கிய ஒரு நொடிக்குள் வந்துசேர்ந்தது. வேகம் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் குறையும் என்ற எளிய வடிவம் அதோடு பெரும் நெருக்கடிக்குள்ளானது. தோற்கக்கூடிய ஒன்றைத் துணிந்து சொன்னதால்தான் அக்கருத்தை இப்படி எடைபோட முடிந்தது.

கட்டுரையாளர் அடுத்த பகுதியும் எழுதவிருப்பதாகத் தெரிகிறது. வியாழனைப் பதினோராம் படியிலிருந்து இறக்கி வேறு ஏணியில் ஏற்றியதற்கு, விடை தெரிவதற்கு முன்பே சொல்லியிருக்கக்கூடிய காரணம் என்ன என்பதையும், எந்த வேகத்தில் ஒரு கோள் அகப்பட்டால் இக்கோட்பாட்டைக் கைவிடலாம் என்பதையும் அதில் அவர் விளக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருநெல்வேலி